கவனக்குறைவு

நாற்பத்தோரு குறிப்பேடுகள்.
ஓய்வுபெறுகிறவளின் அலமாரியைக் காலிசெய்யப்
பல்கலைக்கழகம் மூன்று நாள் தந்திருக்கிறது.
முதலாவதன் அட்டையில் உப்புக்கறை.
1986, மே மாதம், லெமூய்த் தீவு.
எனக்கு இருபத்தாறு வயது.
படகில் குமட்டியது போக மிச்சமிருந்த தைரியத்தில்
முப்பது பிள்ளைகளை எடைபோடப் போயிருந்தேன்.

வகுப்பின் நடுவில் விறகடுப்பு,
சுற்றிலும் ஈரக் கம்பளி வாடை.
தகரக் கூரையில் மழை,
பட்டாணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி.
ஆசிரியை ஒத்திலியாவின் வாய் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது.
பாடம் கேட்கவில்லை.
என் கையில் நிறுத்துக்கடிகாரம்.
ஐந்து விநாடிக்கு ஒரு கோடு:
பார்க்கிறான், பார்க்கவில்லை.

எதிக்தோ பார்ரியா, ஒன்பது வயது, மூன்றாம் வரிசை.
பார்க்கவில்லை. பார்க்கவில்லை. பார்க்கிறான். பார்க்கவில்லை.
மாலையில் நீல மையால் எழுதினேன்:
கவனக்குறைவு. மந்தம். தனி வகுப்புக்குப் பரிந்துரை.
கீழே புத்தம்புது முத்திரை,
'நோல்ஃபா கார்காமோ, கல்வி உளவியலாளர்'.
இரண்டுமுறை குத்தினேன்.
முதல் தடவை மை சரியாகப் பிடிக்கவில்லை.

பிறகு ஆறு வருஷம் வேறு தீவுகள், வேறு பிள்ளைகள்.
ஒரு குளிர்காலம் காய்ச்சலில் படுத்திருந்தபோது
தூக்கம் வரட்டுமென்று அந்தப் பழைய ஏட்டைப் புரட்டினேன்.
அவன் கோடுகளில் ஒரு தாளம் இருந்தது.
எட்டுக் கட்டத்துக்கு ஒருமுறை நிமிர்கிறான்.
எட்டைந்து நாற்பது.
நாற்பது விநாடிக்கு ஒருமுறை, தவறாமல், கூரையை.
ஓரத்தில் என் கையெழுத்திலேயே,
வேறெதற்கோ எழுதியது:
'நோட்டில் மை கலைந்திருக்கிறது. சுத்தம் போதாது.'

ஒழுகல்.
சொட்டு விழுமுன் நோட்டை நகர்த்தி,
விழுந்ததும் இழுத்துக்கொண்டு,
இடையில் கிடைத்த முப்பத்தைந்து விநாடிகளில்
வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

தலையெழுத்து என்று ஒன்று இருந்தால்
அவனுக்கு அதை எழுதியவள் நான்.
தலைக்கு உள்ளே பார்க்கத்தான் பட்டம் தந்திருந்தார்கள்.
தலைக்கு மேலே பார்க்க வேண்டுமென்று
எந்தத் தாளிலும் கேள்வி வரவில்லை.

அதற்கப்புறம் பிள்ளைகளை அளப்பதை விட்டேன்.
அடுப்பிலிருந்து கடைசி பெஞ்சுக்கு எத்தனை அடி,
அத்தனை அடிக்கு எத்தனை எழுத்துப்பிழை.
ஜன்னலின் உயரம். மழையின் டெசிபெல்.
கழிப்பறைத் தாழ்ப்பாள்:
அது உடைந்த பள்ளிகளில் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை,
பதினொரு மணிக்குமேல் தலைவலி.
'உளவியலா, தச்சு வேலையா?' என்றார் கருத்தரங்கில் ஒருவர்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
சாந்தியாகோவிலிருந்து அமைச்சகம் பதில் அனுப்பியது,
'செவிகொடுத்துக் கேள்' என்று வண்ணச் சுவரொட்டி, நூறு பிரதி.
ஒரு பள்ளியில் அவற்றைச் சுருட்டி
சுவர் வெடிப்பில் காற்றுக்கு அடைத்திருந்தார்கள்.
நல்ல கனமான காகிதம்.

பதினோரு பள்ளிகளில் மட்டும்
தகரத்துக்கு அடியில் பலகையும் கம்பளியும் அடிக்க முடிந்தது.
எண்கள் ஏறின. கட்டுரை அச்சானது.
ஒத்திலியாவின் கடிதத்துக்கு அதில் இடமில்லை:
'பிள்ளைகள் குரலைத் தணித்தார்கள், பிறகு நானும்.
பல வருஷத்து இருமல் போய்விட்டது.
நேற்று ஒருத்தி பின்வரிசையில் முணுமுணுத்தாள்.
எனக்குக் கேட்டது.
என்னைப் பற்றித்தான்.'

போன மாதம் கடைசியாகத் தீவுக்குப் போனேன்.
துறையில் மழை.
மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர்
வண்டிகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்.
சட்டைப்பைமேல் எ. பார்ரியா.
தீவில் பாதிப்பேர் பார்ரியாக்கள்,
எ-வில் தொடங்கும் பெயர்களும் ஏராளம்.
வயது சரியாக இருந்தது.

கண்ணாடியை இறக்கினேன்.
முப்பது வருஷமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியம்
நாக்கு நுனிவரை வந்தது.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
சக்கரத்தைப் பார்த்தார்.
'முன்னால் வாங்க, அம்மா. இன்னும் நாலு விரல்.
போதும்.'

எனக்கும் எதிரே நின்ற விறகு லாரிக்கும் நடுவில்
ஓர் உள்ளங்கை நுழையும்.
எஞ்சினை அணைக்கச் சொன்னார்.
அணைத்தேன்.