ஒரு ‘ம்’

திபிலீசியில், க்ல்தானி பக்கத்து அடுக்குமாடிகளில்
லிஃப்ட் ஏறக் காசு போட வேண்டும்.
பழைய பெட்டி இருபது தெத்ரி விழுங்கும்.
உள்ளே விழும்போது கிணுங் என்றொரு சத்தம்,
அப்புறம் ஓர் உறுமல்,
அப்புறம் மேலே போகலாம்.

நெஸ்தான் அதைக் கழற்றிவிட்டு
அட்டை தொடும் பெட்டி வைத்தாள்.
சாம்பல் நிறம். திருகு தெரியாது. விளக்கில்லை. சத்தமில்லை.
ஏதோ பரிசுக்குக்கூட அதை அனுப்பினார்கள்.

முதல் மாதக் கணக்கு வந்தது.
பயன்பாடு நாற்பது சதவீதம் கூடிவிட்டதென்று
மாமுகா எல்லோருக்கும் ஒயின் ஊற்றினான்.
அந்தக் கட்டடத்துக்கு யாரும் புதிதாகக் குடிவரவில்லை.
யாருக்கும் புதிதாக மூட்டுவலியும் இல்லை.
கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்,
குடிக்கவில்லை.

பிப்ரவரி, வியாழக்கிழமை.
தரைத்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு அருகே
மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

வாஷா வந்தார், தோளில் உருளைக்கிழங்கு மூட்டை.
அட்டையால் தொட்டார்.
சேதி சர்வருக்குப் போய்த் திரும்ப மூன்றரை நொடி.
அது அவளுக்குத் தெரியும்.
அவருக்கு யார் சொன்னார்கள்?
மறுபடி தொட்டார். இன்னும் அழுத்தித் தொட்டார்,
அழுத்தினால் செவிடும் கேட்கும் என்பதுபோல.
பிறகு கதவுக்கு ஓர் உதை.
உதைத்த அதே கணம் கதவு திறந்தது.
அவள் நோட்டில் எழுதினாள்:
நாளையும் உதைப்பார். அவருக்குக் கிடைத்த ஒரே பதில் அது.

ஒன்பதாம் மாடி சியாலா
பெட்டியில் காதை வைத்துப் பார்த்தாள்.
“இருக்கியா?” என்று கேட்டாள்.
அட்டையில் பணம் தீர்ந்திருந்தது.
பெட்டி அதையும் சொல்லவில்லை.
ஒன்பது மாடியும் நடந்தாள்,
தான் என்ன தப்பு செய்தோம் என்று
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று யோசித்தபடி.

தமிழில் கதை கேட்கிறவர் உம் கொட்டுவார்.
பிடித்தது என்று அதற்குப் பொருளில்லை.
புரிந்தது என்றுகூட இல்லை.
இருக்கிறேன், காதில் விழுந்தது, மேலே சொல்,
அவ்வளவே.
உம் நின்றால் கதை நிற்கும்,
இல்லாவிட்டால் சொன்ன வரியே திரும்பத் திரும்ப வரும்,
வாஷாவின் அட்டைபோல.

அந்த எழுத்தைப் பாருங்கள்:
ம. அதன் தலைமேல் ஒரு புள்ளி.
புள்ளி இல்லாவிட்டால்
வாய் திறந்தே கிடக்கும்.

நெஸ்தானுக்குத் தமிழ் தெரியாது.
அவள் பற்றவைத்ததும் ஒரு புள்ளிதான்,
அரிசியளவு மஞ்சள் விளக்கு.
தொட்ட நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் எரியும்.
பதில் வந்ததும் பச்சை.
காசில்லை என்றால் சிவப்பு, கூடவே இரண்டு தாழ்ந்த ஒலி.
“இல்லை என்று சொல்ல ஒரு விளக்கா?” என்றான் மாமுகா.
“அதற்குத்தான் முதலில் வேண்டும்,” என்றாள்.

மூன்றரை நொடி அப்படியே இருக்கிறது.
எவ்வளவோ முயன்றும் அதைக் குறைக்க முடியவில்லை.
இப்போது யாரும் அதை எண்ணுவதில்லை.

இரட்டையாய்ப் பிடித்த காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
மார்ச்சில் பயன்பாடு சரிந்தது.
ஒயின் இல்லை.

வாஷா மட்டும் இன்னும் உதைக்கிறார்,
மெதுவாக, காலணி நுனியால்,
பழகிப்போன நாயைத் தட்டுவதுபோல.

சியாலா அட்டையால் தொட்டாள்.
புள்ளி எரிந்தது.
“ஹோ,” என்றாள் பெட்டியிடம்;
ஆமாம் என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.
பிறகு கதவு திறக்கும்வரை
கையுறையை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டு
நின்றாள்.