ஆரஞ்சு நாடா

நாடாவைக் கட்டியவன் நான்தான்.
பட்டுப்போன ஆஷ் மரம், வெட்ட வேண்டியது;
அடையாளத்துக்கு ஓர் ஆரஞ்சுத் துண்டு.

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்கில்
வெர்லின் ஹோஸ்டெட்லர் சொன்னான்:
"குழாய் உங்கள் மேட்டு வழியாகத்தான்.
ஹாரிஸ்பர்க்கில் என் மச்சான் காதால் கேட்டிருக்கிறான்."
முப்பத்தாறு அங்குலமாம்.
புதனன்று அது நாற்பத்திரண்டு ஆகிவிட்டது.
வாயு வருமுன்னே
ஊரின் வாய் வந்து சேர்ந்தது.

டெக்சஸ் வெல்டர்களுக்கு வாடகைக்கு விடவென்று
ட்ரூடி தன் கராஜுக்குப் பெயின்ட் அடித்தாள்.
யாரோ கையெழுத்துப் போட்டாயிற்று, அடிக்கு இருநூறு டாலர்;
யார் என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு பெயர்.
லூதரன் சர்ச்சில் ஆர்லீன் ஷங்க்
என் பக்கத்து இடத்தைப் பார்த்துவிட்டு
இரண்டு வரிசை தள்ளிப் போனாள்.
அவள் கிணறு எங்கள் மேட்டுக்குக் கீழே.

சொல்லியிருக்கலாம்,
மரம்தான், வண்டரித்ததுதான் என்று.
ஆனால் எங்கள் வேலி நீளத்தை
இருநூறால்
ரசீதின் பின்புறம் பெருக்கிப் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை ரம்பத்தோடு போனேன்.
மரத்துக்கு அப்பால், பனியில்,
முழங்கால் உயரத்தில் ஒரு முளைக்குச்சி.
மேலே எண்கள். அதே ஆரஞ்சு.
அதை
நான் கட்டவில்லை.