பாக்கி இரண்டு சக்கரம்

பத்துகாணிக்கு ஏறும் பேருந்தில்
மூன்று செவ்வாய்க்கிழமை போய்விட்டேன்,
ஒரு சாவைத் தேடி.

பதினொன்றரை சென்ட் ரப்பர் விளை.
அதை விற்க வேண்டுமானால்
அப்பாவின் அக்கா ஞானாபரணம் இறந்திருக்க வேண்டும்.
இறந்துதான் இருக்கிறாள்.
காகிதத்தில்தான் இறக்கவில்லை.

அவளை முதல் செவ்வாயே கண்டுபிடித்தேன்.
கிராம அலுவலகத்துப் பழைய கட்டு,
முழுக்க மலையாளம்,
கொல்லம் 1124, கும்பம் ஒன்பது.
நான் எழுத்துக்கூட்டி வாசிக்க
அருப்புக்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த பாண்டீஸ்வரி
தட்டிக்கொண்டே வந்தாள்.
காரணம்?
பனி, என்றேன்.
பனியிலயா செத்தாங்க, என்று நிமிர்ந்தவளிடம்
எங்கள் பக்கம் காய்ச்சலுக்கு அதுதான் பேர் என்று
சொல்லி முடிக்கும் முன்
அச்சு வந்துவிட்டது.
சர்க்கார் கணக்கில் என் அத்தை
மார்கழிப் புல் மாதிரி
பனியில் நனைந்து போனாள்.

பிறகு அவள் கேட்டாள்:
புள்ள எதுவும் இருந்துச்சா?
இருந்தது, பிறந்த அன்றே போய்விட்டது
என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.
அப்ப அதுக்கும் ஒண்ணு வேணும் சார்.

சபையின் அடக்க ஏட்டைப்
பூச்சி பாதி தின்றிருந்தது.
கோவில்குட்டி சத்தியதாஸ் விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார்.
ஞானாபரணம், வயது இருபத்திரண்டு.
அடுத்த வரி: யோசேப்பு, அறுபத்தொன்று, பாம்பு.
நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லை.
ஸ்நானம் வாங்காத பிள்ளைய ஏட்டில ஏத்தமாட்டாவ,
மதிலோரமா வச்சிட்டு வந்திருவாவ, என்றார்.
மணி?
வயசுக்கு ஒரு அடி. அவளுக்கு இருபத்திரண்டு அடிச்சிருப்பாவ.
பிள்ளைக்கு?
அவர் ஏட்டை மூடினார்.
வயசு ஆவணும்லா.

மூன்றாம் செவ்வாய், அருமனை.
பெட்டிக்கடை அனிஷ் பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டியில்
முப்பாட்டன் நீலகண்டன் ஆசாரியின் பற்றுவரவு.
பாக்கி நின்றவர்களின் ஏடுகளை மட்டும்
அந்தக் குடும்பம் எரிக்கவில்லை.
ஞானாபரணம் வகை. மாம்பலகை. ஐந்தடி. பெட்டி ஒன்று.
பாக்கி இரண்டு சக்கரம்.

ஒன்று.

தாயும் பிள்ளையும் ஒரே பெட்டிலயும் இருக்கலாம், என்றான் அனிஷ்.
இருக்கலாம்.
மதிலோரம் என்றால் பெட்டியே தேவையில்லை.
ஆனால் பிள்ளை இல்லாத அத்தானின் அக்காள் ஒருத்தி
அந்த மாசமே நெடுமங்காட்டுக்குக் குடிபோனதாக
அம்மா என்றோ மீன் உரசும்போது சொன்னதும்
இருக்கத்தான் செய்கிறது.

பாக்கியைக் கொடுக்கப் பர்ஸை எடுத்தேன்.
சக்கரம் உண்டுமா கையில, என்று சிரித்தான்.
நூறு ரூபாயை வாங்கவில்லை.

குழித்துறை வக்கீல் ரசலையனுக்கு
எதையும் கண்டுபிடித்துத் தொலைக்காதிருப்பது ஒரு தொழில்.
பதிவு இல்லைன்னு ஒரு சீட்டு வாங்கும்,
சந்ததியில்லாமல் இறந்தாள்னு ஒப்புப்போடும்,
சோலி முடிஞ்சது.
சீட்டு வாங்கிவிட்டேன்.
பதிவு இல்லை.
முத்திரையும் கையொப்பமும் போட்டு
பாண்டீஸ்வரி கொடுத்தது
ஒரு சாவு நடக்கவில்லை என்பதற்கான சான்று போலவே இருக்கிறது.

ஒப்புப் போடாத தாள்
பையில் மடிந்து கிடக்கிறது.
மார்த்தாண்டத்திலிருந்து மலையடிவரை
மின்கம்பம்தோறும் கண்ணீர் அஞ்சலி.
வெயிலில் உரிந்த முகத்துக்குள் இன்னொரு முகம்,
அதற்குள் ஒரு பல்.
மறைவு என்று போட்டிருப்பதை இப்போது நான் பார்ப்பதில்லை.
மேலே, தோற்றம் என்ற இடத்தை மட்டும்
ஓடும் பேருந்திலிருந்து எட்டி வாசிக்கிறேன்.
1938. 1961. 1952.
1949 பிப்ரவரி
இன்னும் எந்தக் கம்பத்திலும் ஏறவில்லை.