கட்டத்துக்கு வெளியே ஒரு கோடு

மாவட்ட மன்றத்தில் கொடுத்தார்கள்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை,
அழுத்தினால் எண் ஏறும் இரும்புக் கருவி.
மூன்று நாள். நாளுக்கு அறுபது வெள்ளி.
வேலை போய் இரண்டு மாதமாயிற்று,
எண்ணச் சொன்னால் எதையும் எண்ணுவேன்.

சுங்கை கெருட்டா முச்சந்தி.
படிவத்தில் கார் இருந்தது, லோரி இருந்தது,
மோட்டாருக்குப் பெரிய கட்டம்.
பஸ்ஸுக்கும் ஒன்று
(பஸ் நின்றுபோய் நாலு வருஷம்).
நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து
கடைசி வரியில் 'மற்றவை'.
நடைபாதைக்காகத்தான் இந்தக் கணக்கே,
படிவம்தான் பழையது என்றார்
என்ஜினியர் ஹஸ்லினா.

விடிய இன்னும் நேரமிருக்கிறது.
கையுறைத் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட் கலைகிறது.
வங்காளதேசத்துப் பையன்கள் சைக்கிளில்,
ரப்பர் பட்டையால் ஹேண்டிலில் கட்டிய
கைப்பேசிதான் விளக்கு.
டிக். டிக். டிக்.
செம்பனைக் குலை லோரி முதுகில் வந்து உறுமும்போது
அத்தனை பேரும் புல்லில் இறங்கி
அது போனதும் ஒரு சொல் பேசாமல் ஏறிக்கொள்கிறார்கள்.
இறங்கியதை எண்ணச் சொல்லவில்லை.

ஏழு மணிக்குத் தமிழ்ப்பள்ளி.
ஒரே சைக்கிளில் மூன்று பேர்.
முன்கம்பியில் உட்கார்ந்த சின்னவள்
பெல் இல்லாத குறைக்கு
வாயாலேயே கிணிங் கிணிங் என்கிறாள்.
ஒன்றா, மூன்றா?
யோசிப்பதற்குள் திரும்பிவிட்டார்கள்.
மூன்று என்று போட்டேன்.

பேங்க் வாசலில் வெள்ளை வரிக்கோடு இருக்கிறது.
அங்கே யாரும் கடப்பதில்லை.
கடப்பது நாற்பதடி தள்ளி, ஒட்டுக்கடை ஓரம்,
சாக்கடைமேல் யாரோ போட்ட பலகை வழியாக.
பலகைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்
புல் தேய்ந்து செம்மண் தெரிகிறது.
எந்த என்ஜினியரும் வரையாத கோடு,
ஆனால் அளவு சரியாகத்தான் இருக்கிறது.

பத்து மணிக்கு மரியதாஸ் வந்தார்.
சக்கர நாற்காலி. சர்க்கரை எடுத்துக்கொண்ட
இடது காலின் இடத்தில்
மடித்துக் குத்திய கைலி.
கிளினிக் எதிர்ப்பக்கம், பெயர்ப்பலகை படிக்கிற தூரம்.
பலகையைப் பார்த்தார், அதன் அகலத்தைப் பார்த்தார்,
லோரிகளைப் பார்த்தார்.
ஒரு ஐஸ் மைலோ குடித்தார்.
திரும்பிப் போனார்.

இரண்டாம் நாளும் வந்தார்.
மூன்றாம் நாள் மழை. பிளாஸ்டிக் பை தலையில் மாட்டி வந்தார்.
நான் குடையோடு எழுந்தேன், தள்ளிவிடவா என்றேன்.
"இன்னிக்கு நீ தள்ளுவ தம்பி.
வாரத்துக்கு மூணு தடவ எனக்கு ரத்தம் கழுவணும்.
நாளைக்கு உன் நாற்காலி இங்க இருக்குமா?"

கருவி என் கையில் கனத்தது.
கடந்தால்தான் அது எண்ணும்.
படிவத்தின் ஓரத்தில், எல்லாக் கட்டத்துக்கும் வெளியே,
பேனாவால் மூன்று கோடு கிழித்தேன்.

இது என்ன, அசிங்கமாக, என்றார் ஹஸ்லினா.
வந்தார், கடக்கவில்லை, என்றேன்.
மூன்று நாளுமா?
மூன்று நாளும்.
பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

பதினொரு மாதம் கழித்து
சாக்கடைக்குமேல் சிமெண்டுத் தளம் வந்தது,
ஒட்டுக்கடை ஓரமே, அந்தச் செம்மண் கோட்டின் மேலேயே.
இருபுறமும் சரிவு. தரையில் மேடு.
சைக்கிளுக்குப் பச்சைச் சாயத்தில் ஒரு பாதை,
அது பெட்ரோல் நிலையம் வரைக்கும்தான்;
அதற்குப் பிறகு மறுபடி புல், மறுபடி லோரி.
பச்சையில் பாதியை டயர்கள்
செம்பனை ஆலைக்கே எடுத்துப் போய்விட்டன.

நேற்று மீ கோரெங் பொட்டலத்தோடு நின்றிருந்தேன்.
மரியதாஸ் சரிவில் இறங்கி
மேட்டின் நடுவில் நின்றார்.
கையைத் தூக்கினார்.
வணக்கம் இல்லை அது.

லோரி நின்றது. பின்னால் இன்னொன்று.
அவர் அவசரப்படவில்லை.

என் கையில் பொட்டலம் மட்டும்தான்,
ஆனாலும் கட்டைவிரல்
ஒருமுறை மடிந்து நிமிர்ந்தது.