ஓட்டாஞ்சில்லு

ஞாயிற்றுக்கிழமை.
அடித்தளச் சாவி பொலிக்ஸேனியிடம் இருக்கிறது.
நீல வாளி, பல் துலக்கும் பிரஷ்,
கிணற்றுச் சேறு இன்னும் விடாத சில்லுகள்.

ஒவ்வொன்றாய்க் கழுவுகிறாள்.
சேற்றுக்கு அடியிலிருந்து கீறல்,
கீறலிலிருந்து எழுத்து,
எழுத்திலிருந்து ஓர் ஆள்:
எர்கோதிமோஸ், லைக்கோன் மகன்.
அடுத்ததிலும் அவனே.
அதற்கடுத்ததிலும்.

ஊரைவிட்டு யாராவது போகவேண்டுமா என்று
ஏதென்ஸ் ஆண்டுக்கொருமுறை
தன்னையே கேட்டுக்கொண்ட காலம்.
பாப்பிரஸ் கப்பலில் வரவேண்டும், விலை அதிகம்.
உடைந்த பானை எந்தத் தெருவிலும் சும்மா கிடக்கும்.
அதில் பெயரைக் கீறிப் போட்டார்கள்.
அதிகம் கீறப்பட்டவனுக்கு
மூட்டை கட்டப் பத்து நாள்,
வெளியே பத்து வருடம்.
சில்லுக்கு ஒஸ்த்ரகோன் என்று பெயர்.
துரத்துவதற்கும்
அந்தச் சில்லை உடைத்தே ஒரு சொல் செய்துகொண்டார்கள்.

இதைத் தமிழில் சொல்வது எனக்கு வசதி.
ஓடு. ஓட்டில் எழுதினான். ஓட்டுப் போட்டான்.
இரண்டு ஓட்டுக்கும் ஒட்டுறவில்லை, தெரியும்.
ஒன்று சூளையில் வெந்தது.
மற்றது கப்பலேறி வந்த இலத்தீன் வேண்டுதல்,
சாமியிடம் நேர்ந்துகொண்ட வாக்கு.
ஆனால் நாக்கு
வேர் பார்த்தா இடறுகிறது?
போதாததற்கு,
ஓடு என்றால்
ஓடிப்போ என்றும்தான்.

இருபதாவது சில்லில் அவள் கை நிற்கிறது.
கடைசி எழுத்தின் கடைசிக் கோடு
ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சாய்கிறது.
திரும்ப எடுத்துப் பார்க்கிறாள்.
முப்பத்தொரு சில்லு, ஒரே கை.
முந்தின இரவு எவனோ விளக்கடியில் உட்கார்ந்து
எழுதத் தெரியாதவர்களுக்கும்
எழுதச் சோம்பியவர்களுக்கும்
எழுதி அடுக்கியிருக்கிறான்.
வாங்க ஆள் வரவில்லையோ,
கூட்டம் கலைந்துவிட்டதோ,
கூடையோடு கிணற்றில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

காவலர் ஸ்தாமாத்திஸ் படியில் நின்று கேட்கிறார்:
"போட்டாச்சா?"
இன்னும் இல்லை.
"நான் காலையிலேயே அவர்களைக் கருப்படித்துவிட்டேன்."

அந்த ஊர்ப் பேச்சு அது.
ஒரு காலத்தில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி,
நடுவில் தடுப்பு,
பாதி வெள்ளை, பாதி கருப்பு.
குழாய்க்குள் கையை விட்டு
ஈயக் குண்டை எந்தப் பக்கம் உருட்டினோம் என்பது
கைக்கு மட்டும் தெரியும்.
பெட்டிகள் காயலான் கடைக்குப் போய் வெகுகாலம்.
வசவு மட்டும் ஓய்வுபெறவில்லை.

முப்பத்திரண்டாவது, வேறு கை.
கிண்ணத்தின் அடிப்பாகம்.
பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய்
மேலே இடுக்கிச் சேர்த்து,
தகப்பன் பெயரில் இரண்டு இடத்தில் தடுமாறி,
ஓடு கீறிப் போகுமளவு அழுத்தி.
கோபமாவது இவனுக்குச் சொந்தம்.
அதைத் தனித் தட்டில் வைத்து
விளக்கை அணைக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் வரிசையில் நாலு பேர்.
கட்டாகக் கையில் கொடுக்கிறார்கள்:
கட்சிக்கொரு தாள்,
எல்லாப் பெயரும் முன்கூட்டியே அச்சில்.
அவளுக்குச் சிரிப்பு வருகிறது.
மேசைக்குப் பின்னாலிருக்கும் பெண் வக்கீல்
நிமிர்ந்து பார்க்கிறாள்.

திரைக்குள்
ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு
பெயருக்குப் பக்கத்தில் சிலுவை போடுகிறாள்.
ஒருமுறை பேனா வழுக்குகிறது,
இன்னும் அழுத்துகிறாள்.
மிச்சக் கட்சிகள் கூடைக்குள்.

உறையை ஒட்டும்போதுதான் கவனிக்கிறாள்,
நகக்கண்ணில் கிணற்று மண்.
கறை பட்டால் செல்லாது என்று
சொல்லிவிடுவார்களோ.
ஜீன்ஸில் துடைத்து,
விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து
உள்ளே விடுகிறாள்.

காகிதத்துக்கு மாறி எத்தனையோ காலம்,
கிரேக்கத்தில் ஓட்டுக்கு இன்றும் பெயர்
கூழாங்கல்தான்.

சத்தமே இல்லை.
வக்கீல் பட்டியலில் கோடு இழுத்து
ஊர் வழக்கப்படி உரக்க அறிவிக்கிறாள்:
"கல் போட்டாள்."