பாதிப் பெயர்

அப்பன் குடித்தால் எல்லாமே பெரிதாகும்.
அன்று குறுமன்னன் காதில் விழும்படி
சத்தமாகச் சொல்லிவிட்டான்:
"என் மகள் கொற்றி
பெண்ணையாற்றுக் கருமணலை
ஒரே இரவில் வாளாக்குவாள்."

கள் தெளிவதற்குள் ஆள் வந்துவிட்டது.

தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு கல் கொட்டில்.
கூரை முட்டும் மணல்,
ஓர் உலை, ஒரு துருத்தி.
"விடியும்போது வாள் இல்லையென்றால்
உன் அப்பன் கழுத்து" என்றான் காவலன்
கொட்டாவியோடு.
வெளியே தாழ் விழுந்தது.

பதினைந்து வயது.
அழுது பார்த்தாள்.
மணல் உருகவில்லை.

நடுச்சாமம். தாழ் திறக்கவில்லை.
ஆனாலும் உள்ளே ஒருவன் நின்றான்,
அவள் முழங்கால் உயரத்தில்,
கையில் வில், நெஞ்சில் மூன்று அம்பு.
என்ன பேசினாலும்
ஒரு பக்கமாகவே நின்றான்.
மறு கன்னத்தை அவள் பார்க்கவே இல்லை.

"என்ன தருவாய்?"
பித்தளை வளையலைக் கழற்றினாள்.
மணலும் ஆவாரந்தழையும் மூசைக்குள் போயின.
துருத்தி இரவெல்லாம் மூச்சு வாங்கியது.
காலையில் ஒரு வாள்.

ஒரு வாளோடு நிறுத்திய மன்னன் யார்?
இரண்டாம் இரவு காதுக்குழை போனது.
மூன்றாம் இரவு அவளிடம் எதுவும் இல்லை.

"பெயர் இருக்கிறதே" என்றான் அவன்.
"அதைக் கொடு.
வேண்டுமென்றால் மூன்று இரவு தவணை.
என் பெயரை நீ சொல்லிவிட்டால்
உன் பெயர் உனக்கே."

பெயர்தானே, போனால் போகிறது
என்று தலையாட்டினாள்.
மறுநாள் தோழி நாகை
"ற்றி... ற்றி..." என்று திக்கினாள்.
முதல் எழுத்து அதற்குள்
கடன்காரன் கைக்குப் போயிருந்தது.
அப்பன் அவளைக் கூப்பிட வாய் திறந்து,
கூப்பிட வந்ததை மறந்து,
நாயைக் கூப்பிட்டான்.

"சாத்தனா? நக்கனா? காரியா? விண்ணனா?"
"இல்லை" என்று சிரித்தான் முதல் இரவு.
"தவளைவாயன்? கரடிமூக்கன்? மூன்றம்பன்?"
"இல்லை" என்றான் இரண்டாம் இரவு.
சிரிக்கவில்லை.
இன்னும் நாலு பெயர் சொல்ல மாட்டாளா
என்பதுபோல் நின்றான்.

அன்று அவன் பின்னாலேயே போனாள்.
வரகுக் கொல்லை தாண்டி,
ஊருக்கு மேற்கே நடுகற்கள்.
சுள்ளித் தீ மூட்டி ஒரு கல்லின் முன் உட்கார்ந்து
விரலால் தடவித் தடவி வாசித்தான்:
"புறமலை நாட்டுச் சேவகன்..."
விரல் நின்றது.
மறுபடி முதலிலிருந்து.
"புறமலை நாட்டுச் சேவகன்..."
அதற்குக் கீழே
"தொறு மீட்டுப் பட்டான் கல்" என்று இருந்தது.
நடுவில்,
பெயர் இருந்த இடம் பெயர்ந்து கிடந்தது.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.
விடை தெரியாதவன்
விடுகதை போடலாமா?

மூன்றாம் இரவு சொன்னாள்:
"உன் பெயர் எனக்குத் தெரியாது.
ஊரில் யாருக்கும் தெரியாது.
உனக்கும் தெரியாது."

ஓங்கி மிதித்தான்.
தரை பிளந்து இடுப்புவரை இறங்கினான்.
தன்னையே இரண்டாகக் கிழிக்கக்
கையை உயர்த்தினான்.

"இரு" என்றாள்.
"ஆளைக் கிழிக்க வேண்டாம்.
பெயரைக் கிழிக்கலாம்.
என்னுடையதில் பாதி எனக்குப் போதும்.
நான் கொற்றி.
நீ கொற்றன்."

ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.
பிறகு, முதல் தடவையாக,
அவள் பக்கம் முழுதாகத் திரும்பினான்.
மறு பக்கத்தில் கன்னம் இல்லை.
உளி படாத கல்.

விடியற்காலை மன்னனின் ஆட்கள்
நாலாவது மணல் மூட்டையோடு வந்தபோது
கொட்டில் காலி.
வாளில் மிச்சமான எஃகுத் துண்டை உளியாக்கி
மேற்கே ஒருத்தி
கடைசி எழுத்தில் இருந்தாள்.
கொஞ்சம் கோணல்.
புள்ளி வைக்க மறந்துவிட்டாள்.
மேட்டில் நின்று அப்பன் அவளை
முழுப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான்.
இன்னும் திட்டட்டும் என்று இருந்தது.

அந்த மூன்று வாள்கள்?
அடுத்த கோடையில் மன்னன்
பக்கத்து ஊர் மாடுகளை ஓட்டிவரப் போனானாம்.
ஒன்றுகூட
உறையைவிட்டு வரவில்லையாம்.