படத்தில் காட்டியபடி

வெள்ளிக்கிழமை மதியம்
தேன்கனிக்கோட்டை ஜெராக்ஸ் கடையில்
மணிக்கு முப்பது ரூபாய்.
கேட்டதையெல்லாம் இறக்கிக்கொள்வேன்:
முனிரத்தினத்துக்குப் பட்டுப்புழுவின் பால் நோய்,
சௌடப்பா மகளுக்கு குரூப் ஃபோர் வினாத்தாள்.
தக்காளி விலை மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்,
அது அய்யூர் தாண்டுவதற்குள் அழுகிவிடும்.

யானைக்காக பஸ் நிற்கும் நேரத்தில்
மடியில் வைத்து அடுக்குவேன்.
மேலே பெட்டமுகிலாளத்தில்
சிக்னல் என்பது ஒரு பாறையின் பெயர்.

முதலில் நோய்வாரியாக அடுக்கினேன்,
பிறகு ஆள்வாரியாக.
அவசரத்துக்கு எதுவும் கையில் கிடைக்கவில்லை.
இப்போது கேள்வி வரும் வேளையை வைத்து:
‘விதைப்புக்கு முன்’, ‘சந்தை நாள்’,
‘யாருக்கும் தெரியக்கூடாதவை’
(அதில் யார் யார் என்று கேட்காதீர்கள்).
‘நடு ராத்திரி’யில்
பாம்பு, தேள், குழந்தைக் காய்ச்சல், கன்று.

கெம்பம்மா கதவைத் தட்டியது ஒன்றே முக்காலுக்கு.
கால் இரண்டும் வெளியே வந்து நிற்கிறது,
தலையைக் காணோம்.
பேட்டரி பதினோரு சதவீதம்.
பக்கம் திறந்தது, எழுத்தெல்லாம் இருந்தது.
மேல் மூலையில் பச்சைப் புள்ளி:
மருத்துவர் இப்போது இணைப்பில் இருக்கிறார்.
மார்ச் மாதத்திலிருந்து இருக்கிறார்.
‘படத்தில் காட்டியபடி கையை நுழைத்து’
என்ற வரிக்குக் கீழே
வெள்ளைக் கட்டம்,
ஓரத்தில் கிழிந்த தாள் போல ஒரு குறி.

பக்கத்தை இடம் மாற்றியபோது
அதன் படங்கள் இருந்த உறையைப்
பழைய இடத்திலேயே விட்டிருக்கிறேன்.
பிறகு குப்பை என்று நினைத்து
நானே அழித்தும் இருக்கிறேன்.

“என்னம்மா போட்டிருக்கு?”
“முதல்ல உள்ளே தள்ளணுமாம்.
தலை திரும்பினப்புறம்தான் இழுக்கணுமாம்.”
முழங்கைக்கு மேல்வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.
அதற்குப் பிறகு என்னை எதுவும் கேட்கவில்லை.
நான் டார்ச் பிடித்தேன்.
“மூக்கு இங்க. விலாப் பக்கம் மடங்கிக் கெடக்கு.”
இதை அவள் மாட்டிடம்தான் சொன்னாள்.

நாலு மணிக்குக் கன்று எழுந்து நின்றது
ஈரமாக, கோபமாக.

அடுத்த வெள்ளி போய்த் தேடினேன்.
நீங்கள் தேடும் பக்கம் இங்கில்லை.
வேறு எங்கே என்று அது சொல்லவில்லை.
மின்விசிறிக்குப் பத்து ரூபாய் சேர்த்து வாங்கினார் கடைக்காரர்.

நானே வரைந்தேன், பெயிண்டில், மவுஸால்.
கன்று ஆட்டுக்கல் மாதிரி வந்தது,
கை வாழைத்தண்டு.
மடங்கிய கழுத்தை மட்டும்
நாலு முறை அழித்து வரைந்தேன்,
கெம்பம்மா எட்டிப் பார்த்துவிட்டு
“ம்” என்னும் வரை.
காணாமல் போன படத்தின் பெயரையே அதற்கு வைத்து
காணாமல் போன உறையின் பெயரில் ஒரு உறை செய்து
உள்ளே போட்டேன்.

திறந்தால்
கட்டத்துக்குள் என் கன்று,
ஏனோ கொஞ்சம் நீலமாக.
மருத்துவர் இன்னும் இணைப்பில்தான் இருக்கிறார்.